மாடிக்குப் போனால் 300 ஏன் 94 ஆகிறது?

கேள்வி: எங்கள் வீடு இரண்டு தளம். கீழே நாங்களும் அப்பா அம்மாவும், மாடியில் அண்ணன் குடும்பம். எல்லோருக்கும் ஒரே ஃபைபர் இணைப்பு: டவுன்லோடு 300, அப்லோடு 30 எம்பிபிஎஸ். கம்பெனி கொடுத்த பெட்டி கீழ் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது. அதிலிருந்து கேபிள் இழுத்து மாடியில் தனியாக ஒரு ரவுட்டர் வைத்தோம். மொத்தம் ஐந்து கம்ப்யூட்டர், இரண்டு டிவி, அதுபோக போன்கள். மாடியில் எப்போது சோதித்தாலும் வேகம் 94-ஐத் தாண்டுவதில்லை. மாடியில் இருக்கும் பிரிண்டர் கீழே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அண்ணனின் ஆபீஸ் மீட்டிங்கில் குரல் உடைகிறது. 500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா, இல்லை மாடிக்குத் தனி இணைப்பே வாங்கிவிடலாமா? பக்கத்து வீட்டுச் சித்தப்பாவும் ஒரு கேபிள் கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்:

இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். 500-க்கு மாறினாலும் மாடியில் அதே 94 தான் காட்டும். பிரிண்டர் அப்போதும் தெரியாது. நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு இல்லை, மூன்று. மூன்றும் உங்கள் வீட்டுக்குள் இருக்கின்றன, தெருவில் இல்லை. ஒன்று கேபிளில், ஒன்று இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவில், ஒன்று அப்லோடு வாசலில். பதினைந்து வருடத்துக்கு மேலாக வீடுகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் நெட்வொர்க் போட்டுத் தருகிறேன். "நெட் ஸ்லோ" என்று கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு வீட்டுச் சுவருக்குள்தான் இருந்திருக்கிறது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம். கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 94. அந்த எண்ணைப் பார்த்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது. ரவுட்டருக்கு ரவுட்டர் போகும் ஈதர்நெட் கேபிள் இரண்டு முனையும் பேசி ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும்: 10, 100, 1000 என்று படிப்படியாக. 100-க்கு ஒத்துக்கொண்ட இணைப்பில், தகவலைச் சுமந்து போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மேலே ஒட்டும் விலாசம், சரிபார்ப்பு எண், இடைவெளி எல்லாம் போக, வேக சோதனையில் கையில் கிடைப்பது 94 அல்லது 95. ஏறாது, இறங்காது, காலையிலும் அதே, ராத்திரியிலும் அதே. கம்பெனி பக்கம் கோளாறு இருந்தால் எண் நேரத்துக்கு நேரம் ஆடும். ஆடாமல் 94-இல் நிற்கிறது என்றால் வழியில் எங்கேயோ ஒரு இடத்தில் இணைப்பு 100-இல் பிடித்து நிற்கிறது.

அதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மாடி ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் போர்ட்டாக இருக்கலாம். அட்டைப்பெட்டியில் 1200 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது இரண்டு வைஃபை அலைவரிசையின் வேகத்தையும் கூட்டிப் போட்ட எண். பின்பக்கம் கேபிள் குத்தும் போர்ட் கிகாபிட்டா, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸா என்று உள்ளே சின்ன எழுத்தில்தான் இருக்கும். அடுத்து, கம்பெனி பெட்டியில் சில மாடல்களில், வீட்டுக்குள் நெட் கொடுக்கும் லேன் போர்ட்களில் ஒன்று மட்டும் கிகாபிட், மற்றவை 100. நீங்கள் தவறான போர்ட்டில் குத்தியிருந்தால் அதை மாற்றிக் குத்தினாலே தீர்ந்தது. மூன்றாவது, கேபிளுக்குள் ஒரு நரம்பு அறுந்திருப்பது. நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

கேபிளின் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பி போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8 இவற்றில் ஒன்று போனாலும் நெட் நிற்காது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நிற்காததால் யாருக்கும் சந்தேகம் வராது. போன வருடம் உறையூரில் ஒரு வீட்டில் இதே கதை. ஒரு மாதமாகத் திட்டத்தை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். டெஸ்டரின் ஒரு பாதியைக் கீழேயும் மறு பாதியை மாடியிலும் மாட்டினேன். விளக்கு ஒன்று, இரண்டு என்று வரிசையாக எரிந்துகொண்டே போய் ஆறுக்குப் பிறகு நேராக எட்டுக்குத் தாவியது. ஏழாவது எரியவில்லை. ஏழு என்றால் வெள்ளையில் பழுப்புக் கோடு போட்ட கம்பி. கேபிள் ஜன்னல் வழியாக வெளியே போய் மாடி ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. தினமும் கதவைச் சாத்தும் இடத்தில் உறை லேசாகத் தட்டையாகியிருந்தது, அவ்வளவுதான். பிளேடால் உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே அந்த ஒரு கம்பி மட்டும் முறிந்து இரண்டு துண்டு. பழைய லேண்ட்லைன் போன் ஒயருக்காகச் சுவருக்குள் பதித்த குழாய் சும்மா கிடந்தது. அந்த ஒயரின் முனையிலேயே புதுக் கேபிளைக் கட்டி மேலே இழுத்தோம். அரை மணி நேர வேலை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். போன் குழாய், பழைய டிஷ் ஒயர் போகும் குழாய் எதுவானாலும் சரி. கரண்ட் ஒயர் போகும் குழாயில் மட்டும் இதை நுழைக்காதீர்கள். அது ஆபத்து. கடையில் கேட்கும்போது "கேட் 6, முழுச் செம்பு" என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் போட்ட கேபிள் மலிவாகக் கிடைக்கிறது. முனையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக மின்னும், அப்படி இருந்தால் வேண்டாம். இரண்டு மூன்று முறை வளைத்தாலே முறிந்துவிடும். கேட் 5இ கூட 100 மீட்டர் வரை 1000 எம்பிபிஎஸ் தாங்கும், ஏற்கெனவே இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். கிளிப் அடிக்கும்போது நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. நீலமும் பச்சையும் இடம் மாறுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பச்சை ஜோடியின் நடுவில் நீல ஜோடி உட்கார வேண்டும்.

மாற்றியதும் மாடி ரவுட்டரின் பக்கத்தில் லேப்டாப்பைக் கேபிளில் மாட்டுங்கள். விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் ஈதர்நெட் என்ற இடத்தில் இணைப்பு வேகம் 1000/1000 என்று காட்ட வேண்டும். ஆனால் அது லேப்டாப்புக்கும் மாடி ரவுட்டருக்கும் நடுவில் உள்ள வேகம்தான். கீழிருந்து வரும் கேபிளை ரவுட்டரிலிருந்து உருவி நேராக லேப்டாப்பில் குத்திப் பார்த்தால்தான் அந்தக் கேபிளின் நிலவரம் தெரியும்.

அடுத்தது பிரிண்டர். இதற்கு, ஒரு இணைப்பைப் பல கம்ப்யூட்டர்கள் எப்படிப் பங்கு போடுகின்றன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கம்பெனி உங்கள் வீட்டுக்குத் தரும் முகவரி ஒன்றே ஒன்று. பழைய முறையான ஐபிவி4-இல் உலகத்துக்கே மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான். 2011 பிப்ரவரி 3 அன்று மையத் தொகுப்பில் இருந்த கடைசிப் பங்கும் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. ஆளுக்கொரு முகவரி என்பது அதற்கு வெகு முன்பே நடக்காத காரியம் என்று தெரிந்து, வீட்டுக்குள் மட்டும் புழங்கச் சில எண்களை 1990-களிலேயே ஒதுக்கினார்கள். 192.168 என்று தொடங்கும் எண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 10 என்று தொடங்குபவையும் அப்படித்தான். உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கும், பக்கத்து வீட்டிலும் இருக்கும், குழப்பம் வராது.

கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே கதவிலக்கம் இருப்பது போல நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். உள்ளேயிருந்து யார் கடிதம் கொடுத்தாலும், அனுப்புநர் இடத்தில் கதவிலக்கத்தைப் போட்டு, கூடவே ஒரு எண்ணையும் எழுதி அனுப்புகிறார். இந்த எண் யாருக்கு என்று தன் நோட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் அந்த எண்ணோடு வந்ததும் நோட்டைப் பார்த்து உரியவரிடம் கொடுக்கிறார். ரவுட்டர் செய்யும் முக்கியமான வேலை இதுதான், நேட் என்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த 192.168 எண்களைக் கொடுப்பதும் அவரே, அதற்குப் பெயர் டிஹெச்சிபி. நோட்டில் இல்லாத கடிதம் வெளியிலிருந்து வந்தால் வாங்க மாட்டார். உங்கள் கம்ப்யூட்டர்களுக்கு அது ஒரு பாதுகாப்பும்கூட.

ரவுட்டர் என்ற தனிப் பெட்டி வீடுகளுக்கு வருவதற்கு முன் இந்த வேலையை ஒரு கம்ப்யூட்டரே செய்தது. 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இதற்கான வசதியைச் சேர்த்தார்கள். டயல்-அப் மோடம் மாட்டிய கம்ப்யூட்டருக்கு 192.168.0.1 என்று தானாக முகவரி வரும். மற்ற கம்ப்யூட்டர்கள் அதன் வழியாக வெளியே போகும். அந்த ஒன்றை அணைத்தால் எல்லோருக்கும் நெட் போய்விடும். தம்பி பரீட்சைக்குப் படித்து முடித்து விளக்கை அணைத்துக் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டால், மற்ற அறையில் இருப்பவர் பாதி டவுன்லோடோடு நிற்பார். இன்று போனில் ஹாட்ஸ்பாட் போடும்போது போன் செய்வதும் அதே வேலைதான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். கம்பெனி பெட்டி ஏற்கெனவே ஒரு ரவுட்டர். அதன் கேபிளை மாடி ரவுட்டரின் வேன் போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து நெட் வாங்கும் போர்ட்டில் குத்தியிருக்கிறீர்கள். அதனால் மாடிப்படியில் இரண்டாவதாக ஒரு வாசல்காரர் உட்கார்ந்துவிட்டார். கீழே இருப்பவர் பார்வையில் மாடி முழுவதும் ஒரே ஒரு ஆள். மாடிக்குள் அண்ணன் லேப்டாப் எது, பிரிண்டர் எது என்று அவருக்குத் தெரியாது. கீழேயிருந்து பிரிண்ட் கொடுத்தால், மாடி வாசல்காரர் "இது என் நோட்டில் இல்லை" என்று திருப்பிவிடுவார். வீட்டுக்குள் பிரிண்டரைத் தேடும் அழைப்பும் படியைத் தாண்டி மேலே போகாது. பிரிண்டரில் எந்தக் கோளாறும் இல்லை. புது டிரைவர் போட்டாலும் பயனில்லை.

இதற்கான தீர்வை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி வீடுகளில் இந்த ஒன்றுதான் தவறாக இருக்கிறது: பங்கு பிரிப்பவர் வீட்டுக்கு ஒருவரே இருக்க வேண்டும். மற்ற பெட்டிகள் எல்லாம் வெறும் கேபிள் முனையாகவும் வைஃபை ஆன்டெனாவாகவும் இருந்தால் போதும். மாடி ரவுட்டரை அப்படி மாற்றுவது சுலபம். அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் என்று ஒரு முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் முடிந்தது.

அந்த முறை இல்லாத பழைய ரவுட்டராக இருந்தால் கையால் செய்யலாம். கீழிருந்து வரும் கேபிளை முதலில் உருவிவிடுங்கள். ஒரு லேப்டாப்பை மட்டும் மாடி ரவுட்டரில் மாட்டி அதன் அமைப்புக்குள் போங்கள். அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். கீழ்ப் பெட்டி 192.168.1.1 என்ற கணக்கில் சொல்கிறேன். உங்களுடையது 192.168.0.1 அல்லது வேறு என்றால் அதற்கு ஒட்டிப் போடுங்கள். கீழ்ப் பெட்டி மற்றவர்களுக்குக் கொடுக்கும் எண் வரிசைக்கு வெளியே இருப்பது நல்லது. பிறகு டிஹெச்சிபியை அணைத்துச் சேமியுங்கள். கடைசியாகக் கீழிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் குத்தாமல் லேன் போர்ட் ஒன்றில் குத்துங்கள். வேன் போர்ட் காலியாக இருக்கும், இருக்கட்டும். எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் எல்லோரும் கீழ்ப் பெட்டியிடமிருந்தே எண் வாங்குவார்கள், பிரிண்டரும் தெரியும். ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் 169.254 என்று தொடங்கும் எண்ணைக் காட்டினால், அதற்கு எண் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளை மறுபடி பாருங்கள்.

இரண்டு தளத்துக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல் வைத்துவிடலாம். மாடிப்படி ஏறும்போது போன் தானாகவே மாறிக்கொள்ளும். சில போன்கள் கீழ்ச் சிக்னலையே பிடித்துக்கொண்டு தொங்கும். அப்போது வைஃபையை அணைத்துப் போட்டால் சரியாகும்.

வைஃபை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாண மண்டபத்தில் ஒரே மைக் இருப்பது போல, ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பக்கத்து வீட்டு வைஃபையும் அதே சேனலில் இருந்தால் அவருக்கும் அதே மைக்தான். மெதுவாகப் பேசும் பழைய லேப்டாப் ஒன்று இருந்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க அது மைக்கை நெடுநேரம் வைத்துக்கொள்ளும். காத்திருப்பது மற்றவர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். தெருவே அதில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். கீழே 1, மேலே 11 என்று வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டி மேலே போகும்போது சோர்ந்துவிடும். அதனால்தான் மாடிக்குச் சிக்னலை நீட்டித்துத் தரும் ரிப்பீட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. அது ஒரே காற்றில் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், கிடைத்த வேகத்தில் பாதி அதிலேயே போய்விடும். நீங்கள் கேபிள் இழுத்தது நல்ல முடிவு. அந்த உழைப்பு வீண் போகவில்லை.

நகராத எதையும் கேபிளில் போடுங்கள். மேஜைக் கம்ப்யூட்டர், டிவி, பிரிண்டர், அண்ணன் தினமும் உட்காரும் மேஜை. போர்ட் போதவில்லை என்றால் ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு எந்த அமைப்பும் வேண்டாம், மாட்டினால் வேலை செய்யும். பல டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், 4கே படத்துக்கே 25 எம்பிபிஎஸ் போதும். டிவி வைஃபையை விட்டு இறங்கினால் போன்களுக்கும் லேப்டாப்களுக்கும் காற்று மிச்சமாகும். கீழ்ப் பெட்டியையும் டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, ஆளுயரத்துக்கு மேல் திறந்த இடத்தில் மாட்டுங்கள். டிவியின் உலோகத் தகடு அலைக்கு ஒரு சுவர். பெட்டியை நகர்த்தும்போது மஞ்சளோ வெள்ளையோ மெல்லிதாக வரும் ஃபைபர் ஒயரை மடக்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. சிவப்பு விளக்கு எரிந்தால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும்.

இனி அண்ணனின் மீட்டிங். சாயங்காலம் ஏழு மணி என்று நீங்கள் எழுதியதை மறுபடி படித்தேன். அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது? வெளியே போனவர்கள் திரும்புகிறார்கள். ஒவ்வொருவர் பையிலும் ஒரு போன். வாசலில் நுழைந்ததும் அது வைஃபையில் சேர்ந்து, பகலில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் இணையத்தில் உள்ள மேகக் கிடங்குக்கு (கிளவுட்) ஏற்றத் தொடங்குகிறது. 1080பி தரத்தில் ஒரு நிமிட வீடியோ 100 எம்பியை ஒட்டி வரும். வளைகாப்புக்குப் போய் ஐந்து நிமிடம் எடுத்திருந்தால் 500 எம்பி. 30 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 3.75 எம்பி, ஏனென்றால் எட்டு பிட் சேர்ந்துதான் ஒரு பைட். அந்த ஒரு வீடியோ மட்டும் இரண்டு நிமிடத்துக்கு மேல் உங்கள் அப்லோடு வாசலை அடைத்துக்கொள்ளும். வீட்டில் ஆறு போன் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடைப்பதுகூடப் பெரிதில்லை. வாசலில் நிற்கும் வரிசைதான் தொல்லை. பெட்டிக்குள் அனுப்பக் காத்திருக்கும் பொட்டலங்களுக்கென்று ஒரு இடம் உண்டு. அந்த இடத்தில் 2 எம்பி அளவுக்கு வீடியோ குவிந்து நிற்கிறது என்று வையுங்கள். அண்ணன் பேசிய ஒரு சொல் அதன் கடைசியில் போய் நிற்கும். முன்னால் இருப்பது முழுக்கப் போக அரை நொடிக்கு மேல் ஆகும். படம் ஏறுவது அரை நொடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. பேச்சு அரை நொடி தாமதித்தால் மறுமுனையில் குரல் உடையும், ஒருவர் பேச்சில் இன்னொருவர் மோதுவார். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பிலேயே இதைப் பிடித்தார். பெரிய கோப்பு ஒன்றை ஏற்றும்போது வீட்டில் மற்ற எல்லாமே நின்றுபோவதைத் துருவிப் பார்த்து, இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் கோடெல் என்ற வரிசை முறையை வெளியிட்டார்கள். வரிசையில் ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பார்த்து வரிசையை வளரவிடாமல் வைப்பது அதன் வேலை.

உங்கள் வீட்டில் இதுதானா என்று பார்க்க ஒரு சோதனை. கேபிளில் மாட்டிய கம்ப்யூட்டரில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்குத் தொடர்ந்து பிங், அதாவது போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சின்னப் பொட்டலம் அனுப்புங்கள். வீடு அமைதியாக இருக்கும்போது 10, 15 மில்லிசெகண்டு என்று ஓடும். இன்னொரு கம்ப்யூட்டரில் பெரிய கோப்பு ஒன்றை மேகக் கிடங்குக்கு ஏற்றத் தொடங்குங்கள். எண் 200, 400 என்று தாவினால் வரிசை நிற்கிறது என்று அர்த்தம். தாவவே இல்லை என்றால் அண்ணன் லேப்டாப் வைஃபையில் தடுமாறுகிறது. அதற்குக் கேபிள்தான் மருந்து.

வரிசையைக் குறைக்க, ரவுட்டரில் கியூஓஎஸ் அல்லது பேண்ட்வித் கட்டுப்பாடு என்று இருக்கும் இடத்தில் அப்லோடை 27 எம்பிபிஎஸ் என்று, அதாவது கிடைப்பதில் பத்தில் ஒன்பது பங்காக வையுங்கள். அப்போது வரிசை கம்பெனி பெட்டியின் கண்மூடித்தனமான இடத்தில் நிற்காமல் நீங்கள் கட்டுப்படுத்தும் இடத்தில் நிற்கும். ரவுட்டரில் எஸ்கியூஎம் என்ற வசதி இருந்தால் இன்னும் நல்லது. கோடெல் வழி வந்த முறைகளை அதுவே பயன்படுத்தி, பேச்சுப் பொட்டலங்களை வீடியோவுக்குப் பின்னால் நிற்க வைக்காமல் அனுப்பும். ஆனால் எல்லோருடைய போக்குவரத்தும் கடந்துபோகும் இடத்தில்தான் இதைச் செய்ய முடியும். மாடி ரவுட்டரில் வைத்தால் கீழே இருப்பவர்களின் போன்களை அது பார்க்காது. கம்பெனி பெட்டிகளில் இந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

இல்லையென்றால், கம்பெனியிடம் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது வாசல்காரர் வேலையை விட்டு நெட்டை அப்படியே கடத்தும் முறைக்கு மாற்றித் தரச் சொல்லி, நல்ல ரவுட்டர் ஒன்றை அதற்குப் பக்கத்தில் கீழேயே வைத்து எல்லோரையும் அதன் பின்னால் கொண்டுவர வேண்டும். இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு லேண்ட்லைன் அதே பெட்டியில் வருகிறது என்றால் அது தொடர்ந்து வேலை செய்யுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பிரிட்ஜ் முறை தர மாட்டோம் என்றால், கம்பெனி பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் ரவுட்டரை மட்டும் அதில் மாட்டி, வீட்டில் உள்ள அத்தனையையும் உங்கள் ரவுட்டருக்குப் பின்னால் வையுங்கள். வெளியே இன்னொரு வாசல்காரர் இருந்தாலும் வீட்டுக்குள் ஒருவரே என்பதால் பிரிண்டர் சிக்கல் வராது. இவ்வளவும் செய்யத் தெம்பில்லை என்றால் எல்லாப் போன்களிலும் படம் ஏற்றுவதை சார்ஜில் இருக்கும்போது மட்டும் என்று மாற்றுங்கள். முழுத் தீர்வு இல்லைதான், ஆனாலும் சாயங்கால நெரிசல் பெரும்பாலும் குறையும்.

மாடிக்குத் தனி இணைப்பு வாங்க ஒரே ஒரு நியாயம் இருக்கிறது: அண்ணனின் வேலை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது என்பது. அப்படியானால் வேறு கம்பெனியில், தெருவில் வேறு கம்பத்தில் வரும் ஒயராக வாங்குங்கள். அதற்கும் முன் ஒரு சின்னச் செலவு செய்யலாம். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருந்தாலும் மாறும் நொடியில் பெட்டி அணைந்து எழுந்து நெட் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது இல்லையா? 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று அந்த இடைவெளியை அடைத்துவிடும். பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள், எல்லாப் பெட்டியும் 12 இல்லை. மாடி ரவுட்டருக்கும் ஒன்று வேண்டும்.

சித்தப்பா விஷயம். கேட்பவர் சொந்தக்காரர், மறுப்பது கஷ்டம் என்று தெரியும். ஆனால் இணைப்பு உங்கள் பெயரில், உங்கள் வீட்டு விலாசத்துக்கு. வேறு வீட்டுக்குக் கொடுப்பதைக் கம்பெனிகளின் நிபந்தனைகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதைவிட முக்கியம், அந்தக் கேபிள் வழியாக யார் எதைச் செய்தாலும் வெளியே தெரிவது உங்கள் கதவிலக்கம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்னால் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. போலீஸ் தேடிக்கொண்டு போனது நவி மும்பையில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு. அனுப்பியவர்கள் அந்த வீட்டுக்காரரின் வைஃபையைப் பயன்படுத்தியிருந்தார்கள், விசாரணையை எதிர்கொண்டது வீட்டுக்காரர். சித்தப்பா அப்படிச் செய்வார் என்று சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு வருபவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

இடியும் ஒரு காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பக்கத்தில் இடி விழுந்தால், இரண்டு கட்டடத்துக்கு நடுவில் வெளியே தொங்கும் செம்புக் கேபிள் மின் அலையை இரண்டு வீட்டுக்குள்ளும் கொண்டுவரும். ஸ்விட்ச், டிவி, கம்ப்யூட்டர் போர்ட் என்று வரிசையாகக் கருகிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் சொந்தக் காம்பவுண்டுக்குள் பின்கட்டு அறைக்கு இழுப்பதாக இருந்தால்கூட நடுவில் ஃபைபர் போட்டு இரண்டு முனையிலும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது.

விருந்தாளிகளுக்கு கெஸ்ட் வைஃபை என்று தனியாக ஒன்று திறந்து கொடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர்களும் பிரிண்டரும் அதில் தெரியாது. ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் என்று, கடவுச்சொல் போடாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ வைஃபையில் சேரும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காருங்கள். முதலில் கீழ்ப் பெட்டியிலேயே லேப்டாப்பைக் கேபிளில் மாட்டி ஒரு சோதனை. 300 வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக் கம்பெனியைக் கூப்பிடுங்கள். வந்தால் அடுத்து மாடிக் கேபிள், அதற்கடுத்து ஆக்சஸ் பாயின்ட், கடைசியில் அப்லோடு வரம்பு. ஒன்றைச் செய்து சோதித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. முடித்ததும் ஒரு காகிதத்தில் 192.168.1.2 என்றும் அதன் கடவுச்சொல்லையும் எழுதி மாடி ரவுட்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள். லேன் முகவரியை மாற்றிய பெட்டி தன் பழைய முகவரியில் பதில் சொல்லாது. ஆறு மாதம் கழித்து அண்ணன் அதைத் திறக்க வேண்டி வரும்போது அந்தக் காகிதத்தைத்தான் தேடுவார்.